4×5 நெகட்டிவுக்குப் பழைய என்லார்ஜர்: எதை எடுப்பது, எதை விடுவது

பெரிய அளவு ஃபிலிமில் படமெடுக்கத் தொடங்கியவர்கள் ஓராண்டுக்குள் வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். கேமரா கைக்கு வந்துவிட்டது, ஷீட் ஃபிலிமைத் தட்டில் கழுவப் பழகியாகிவிட்டது, நெகட்டிவ்கள் உறைகளில் சேர்ந்துகொண்டே போகின்றன. ஆனால் அவற்றின் உருவத்தைப் பெரிதாக்கித் தாளில் இறக்கும் கருவியான என்லார்ஜர் இல்லை. 35 மி.மீ. ஃபிலிமுக்கான என்லார்ஜர் வீட்டில் இருந்தாலும் பயனில்லை, ஏனெனில் அதன் ஒளி 4×5 அங்குல நெகட்டிவின் நடுவில் ஒரு சிறு பகுதியைத்தான் எட்டும். தேடத் தொடங்கினால் ஒரே சமயத்தில் மூன்று நான்கு பழைய என்லார்ஜர்கள் கண்ணில் படும். ஒவ்வொன்றையும் பரிந்துரைக்க ஒருவரும் பழிக்க ஒருவரும் இருப்பார்கள். எதை எடுப்பது என்று கேட்டு வரும் கேள்விகள் குறையாததால், இருக்கும் வழிகளை வரிசையாக எடைபோட்டு எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளரின் பெயரைவிட உடன் வரும் உதிரிகள் முக்கியம். உதிரிகளைவிட, தலைப்பகுதியில் இருக்கும் ஒளிமூலம் எந்த வகை என்பது முக்கியம். தூணும் அடிப்பலகையும் இரும்பும் அலுமினியமும்தான். எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் துடைத்து எண்ணெய் விட்டால் ஓடும். நம்மை நடுவழியில் நிறுத்துபவை விளக்கு, மின்வழங்கி, கேரியர் (நெகட்டிவைப் பிடித்திருக்கும் சட்டம்), லென்ஸ் பலகை (லென்ஸை மாட்டும் தகடு) ஆகிய நான்கும்தான்.

## எவற்றைக் கொண்டு ஒப்பிடுவது

உயரம். என்லார்ஜரைப் பார்க்கப் போகும் முன் அறையின் கூரையை அளந்துகொள்ளுங்கள். 4×5 நெகட்டிவுக்குப் பொதுவாகப் பயன்படுவது 150 மி.மீ. லென்ஸ். நெகட்டிவிலிருந்து தாள் வரையிலான தூரத்தைக் கணக்கிடும் வழி எளியது: பெருக்க விகிதத்தோடு இரண்டையும், அவ்விகிதத்தின் தலைகீழ் எண்ணையும் கூட்டி, வந்ததைக் குவியத் தூரத்தால் பெருக்க வேண்டும். 8×10 அங்குல பிரிண்டுக்குப் பெருக்கம் 2. ஆகவே தூரம் 675 மி.மீ. 16×20 அங்குலத்துக்குப் பெருக்கம் 4. தூரம் ஏறத்தாழ 938 மி.மீ. இதன்மேல் விளக்குப் பெட்டி அரை மீட்டர் எழும்பலாம். கீழே மேசை முக்கால் மீட்டர் எடுத்துக்கொள்ளும். மொத்தம் 2.2 மீட்டரைத் தொடுகிறது. கூரை தாழ்வாக இருப்பவர்களுக்கு 135 மி.மீ. லென்ஸ் கைகொடுக்கும்: அதே 16×20க்கு 844 மி.மீ. போதும், அதாவது ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் மிச்சம். ஆனால் 135 மி.மீ. லென்ஸின் வட்டம் 4×5இன் மூலைகளை எட்டிப் பிடிப்பதாகவே இருக்கும். அப்பர்ச்சரைக் குறுக்கித்தான் வேலை செய்ய வேண்டும். மேசையை வெட்டித் தாழ்த்துவது இன்னொரு வழி. பலர் கடைசியில் அதைத்தான் செய்கிறார்கள்.

ஒளியின் தன்மை. கண்டன்சர் என்னும் ஒளிகுவிக்கும் கண்ணாடிகள் வழியாக வரும் ஒளி நேராகப் பாயும்; ஒளியைச் சிதறடித்துக் கலக்கும் கலப்புப் பெட்டி வழியாகவோ பால்நிறத் தகடு வழியாகவோ வரும் ஒளி எல்லாத் திசைகளிலிருந்தும் வரும். வெள்ளி மணிகளாலான நெகட்டிவ் நேரொளியைச் சிதறடிக்கிறது. சிதறிய ஒளியில் ஒரு பகுதி லென்ஸுக்குள் போய்ச் சேர்வதில்லை. அடர்த்தியான இடங்களில் இந்த இழப்பு அதிகம் என்பதால், அதே நெகட்டிவ் கண்டன்சரில் கூடுதல் கான்ட்ராஸ்டோடு விழுகிறது. 1909இல் ஆந்த்ரே காலியே இதை ஆராய்ந்து எழுதியதால் இதற்குக் காலியே விளைவு என்று பெயர். நடைமுறையில் இந்த வேறுபாட்டைத் தாளின் ஒரு கிரேடு, அதாவது கான்ட்ராஸ்டில் ஒரு படி, அளவுக்கு எதிர்பார்க்கலாம். வண்ண ஃபிலிமிலும், வண்ண ஃபிலிமின் முறையில் கழுவப்படும் கருப்பு வெள்ளை ஃபிலிமிலும் உருவம் சாயத்தால் ஆனது. அவற்றில் இந்த வேறுபாடு ஏறக்குறைய தெரியாது. கீறலும் தூசியும் நேரொளியில் கூர்மையாகவும் பரவல் ஒளியில் மங்கலாகவும் விழும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உதிரிகளின் முழுமை. இதற்கு என் சொந்தக் கதை ஒன்று உண்டு. நான் முதலில் வாங்கிய என்லார்ஜர், மூடப்பட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து வந்தது. தூண் இருந்தது, தலை இருந்தது, லென்ஸ்கூட இருந்தது. 4×5 கேரியர் மட்டும் இல்லை. “அது எங்கேயாவது கிடைச்சிடும் சார்” என்றார் விற்றவர். கருப்பு மவுண்ட் அட்டை இரண்டை எடுத்து 95×120 மி.மீ. அளவுக்குச் சன்னல் வெட்டி, இடையில் நெகட்டிவை வைத்து ஏழு மாதம் ஓட்டினேன். விளக்கின் சூட்டில் அட்டை மெல்ல வளையும். ஒவ்வொரு பிரிண்டிலும் வலது ஓரம் பஞ்சு போலக் குழைந்திருக்கும். லென்ஸில்தான் கோளாறு என்று நினைத்து அதைக் கழற்றித் துடைத்ததெல்லாம் வீண்வேலை. கேரியர், லென்ஸ் பலகை, கண்டன்சர் இணை அல்லது கலப்புப் பெட்டி, மின்வழங்கி ஆகிய ஒவ்வொன்றும் அந்தந்த மாடலுக்கே உரியவை. தனியாகத் தேடினால் என்லார்ஜருக்குக் கொடுத்ததைவிட அதிகம் கொடுக்க நேரலாம்.

மின்சாரம். பழைய என்லார்ஜர்களில் பல 120 வோல்ட் நாடுகளுக்காகச் செய்யப்பட்டவை. சாதாரண பல்பு போடும் தலையென்றால் நம் வோல்ட்டுக்கு ஏற்ற என்லார்ஜர் பல்பை மாட்டிவிடலாம். ஆனால் அந்தப் பழைய ஹோல்டரும் வயரும் சுவிட்சும் கூடுதல் வோல்ட்டைத் தாங்கக்கூடியவைதானா என்று ஒரு மின்பணியாளரிடம் காட்டிவிட வேண்டும். வோல்ட்டை இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மின்னோட்டத்தின் அதிர்வெண்ணை மாற்றாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 60 ஹெர்ட்ஸுக்கு ஓடும் முள் வைத்த பழைய டைமர் 50 ஹெர்ட்ஸில் மெதுவாக ஓடும். பத்து வினாடி என்று வைத்தால் பன்னிரண்டு வினாடி எரியும். எல்லா எக்ஸ்போஷரும் அதே டைமரில் கொடுக்கப்படும்வரை அது பெரிய தொல்லையில்லை. இரண்டு டைமர்களைக் கலந்து பயன்படுத்தும்போதுதான் குழப்பம் வரும்.

உறுதி. தலையை மேலே ஏற்றிப் பூட்டி, விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். அடிப்பலகையில் விழும் உருவம் ஓரிரு வினாடிக்குள் அசைவு நின்று அமைதியாக வேண்டும்.

## முதல் வழி: கண்டன்சர் தலை

ஒமேகா டி2, பெசெலர் 45எம் ஆகியவை இந்த வகையில் அடிக்கடி தென்படுபவை. ஒமேகாவின் தூண் சாய்ந்து நிற்பது. தலை உயர உயர முன்னோக்கியும் நகர்வதால், பெரிய பிரிண்ட் போடும்போது உருவம் தூணில் மோதாமல் விலகி விழும். பெசெலரில் தலையை ஏற்றி இறக்க மோட்டார் உண்டு. வாங்கும் முன் அந்த மோட்டார் இரு திசையிலும் ஓடுகிறதா, உரசல் ஒலி ஏதும் வருகிறதா என்று கேட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இந்த வழியின் பெரிய வசதி எளிமை. ஒரு பல்பு, இரண்டு கண்ணாடி, ஒரு சுவிட்ச். கெட்டுப்போக இதற்குமேல் ஒன்றுமில்லை. ஒளியும் பிரகாசமானது. குறைந்த கான்ட்ராஸ்ட் கொண்ட நெகட்டிவ்களை வைத்திருப்பவருக்கும், ஒரே கிரேடு உள்ள தாளில் பிரிண்ட் போட விரும்புபவருக்கும் இது பொருத்தமானது.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. முதலாவது, கண்டன்சர் கண்ணாடிகள் நெகட்டிவின் அளவுக்கும் லென்ஸின் குவியத் தூரத்துக்கும் ஒத்துப்போக வேண்டும். டி2இல் இவை இணை இணையாக மாற்றப்படுபவை. சிறிய ஃபிலிமுக்கான இணை மட்டும் உள்ளே இருந்தால் 4×5இன் மூலைகள் இருண்டுபோகும். பெசெலரில் கண்டன்சர் பகுதியையே ஏற்றி இறக்கி அளவுக்கேற்ப வைத்துக்கொள்ளலாம் என்பதால், வேறு வேறு அளவு ஃபிலிம் பயன்படுத்துபவர்களுக்கு அது வசதி. இரண்டாவது, பல்பு. என்லார்ஜர் பல்பு முழுவதும் பால்நிறப் பூச்சு கொண்டது. அதன் நெற்றியில் எழுத்து எதுவும் அச்சிடப்பட்டிருக்காது. கடையில் கிடைத்த வீட்டு பல்பை மாட்டிய ஒருவருக்கு ஒவ்வொரு வானத்திலும் மங்கலான ஒரு வட்டக் கறை விழுந்துகொண்டே இருந்தது. பல்பின் உச்சியில் இருந்த வாட் எண்ணும் முத்திரையும் கண்டன்சர் வழியாக விழுத்திய நிழல் அது என்று கண்டுபிடிக்கவே அவருக்கு ஒரு பெட்டித் தாள் செலவானது.

சூட்டையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 150 வாட் பல்பின் கீழ், கண்ணாடியில்லாத கேரியரில் வைத்த 4×5 நெகட்டிவ் சில வினாடிகளில் நடுவே உப்பும். குவியம் வைத்தபோது ஒரு நிலையிலும், எக்ஸ்போஷரின்போது வேறொரு நிலையிலும் அது இருக்கும். 35 மி.மீ. ஃபிலிமில் இது சிறு தொந்தரவு. 4×5இல் படத்தையே கெடுப்பது.

## இரண்டாம் வழி: வண்ணத் தலை

சியான், மஜென்டா, மஞ்சள் ஆகிய மூன்று வடிகட்டிகளைச் சக்கரம் திருப்பி ஒளிக்குள் நுழைக்கும் தலை இது. ஒமேகா டி5இல் வரும் குரோமேகா தலை, எல்.பி.எல். நிறுவனத்தின் 4×5 மாடல்கள், வண்ணத் தலையோடு வரும் டர்ஸ்ட் எல்1200 ஆகியவை இந்தக் குழுவில் அடங்கும். வண்ண பிரிண்டுக்காகச் செய்யப்பட்டவை என்பதால் கருப்பு வெள்ளைக்காரர்கள் இவற்றைத் தள்ளிவிடுவதுண்டு. அது தவறு என்பது என் எண்ணம். ஒளியின் நிறத்தை மாற்றிக் கான்ட்ராஸ்டை மாற்றக்கூடிய மல்டிகிரேடு தாளுக்கு இதைவிட வசதியான ஒளி பழைய சந்தையில் இல்லை. மஞ்சளைக் கூட்டினால் கான்ட்ராஸ்ட் குறையும். மஜென்டாவைக் கூட்டினால் ஏறும். இரண்டு கிரேடுகளுக்கு இடைப்பட்ட எந்த நிலையிலும் நிறுத்திக்கொள்ளலாம். வடிகட்டித் துண்டுகளை லென்ஸுக்குக் கீழே பிடித்து விரல்ரேகை பதிக்கும் வேலையே இல்லை.

இந்த வடிகட்டிகள் கண்ணாடியின்மேல் படிந்த மெல்லிய படலங்கள்; ஜெலட்டின் வடிகட்டிகளைப் போல ஆண்டுகள் செல்லச் செல்ல வெளுப்பதில்லை. ஆனால் ஓரங்களில் பூச்சு உரிந்திருக்கலாம். தலையைத் திறந்து சக்கரத்தைத் திருப்பியபடி பார்த்தால் தெரிந்துவிடும். இன்னும் முக்கியமாகப் பார்க்க வேண்டியது கலப்புப் பெட்டியின் உட்புறம். அது பெரும்பாலும் வெண்மையான நுரைப் பிளாஸ்டிக்கால் ஆனது. காலத்தாலும் சூட்டாலும் பழுப்பேறும். பழுப்பேறிய பெட்டி நீல ஒளியை விழுங்கிவிடும். மல்டிகிரேடு தாளில் கான்ட்ராஸ்டை ஏற்றுவதோ அந்த நீல ஒளிதான். ஒரு வெள்ளைத் தாளை உள்ளே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பழுப்பு அதிகமானால் வெண்ணிற நுரைத் தகட்டை வெட்டிப் புதிய உட்சுவர் செய்துகொள்ளலாம். ஒரு மாலை நேர வேலை. எந்தெந்த ஃபிலிம் அளவுக்கான பெட்டி உடன் வருகிறது என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இவ்வகையின் பெரிய ஆபத்து மின்வழங்கி. ஹாலஜன் விளக்குகள் பெரும்பாலும் குறைந்த வோல்ட்டில் எரிபவை. அவற்றுக்கு மின்சாரம் தரும் பெட்டி தனியாக, தடித்த கேபிளோடு இருக்கும். இடம் மாற்றும்போது முதலில் தொலைவது அதுதான். மின்வழங்கி இல்லாத வண்ணத் தலை வெறும் உலோகக்கூடு என்றே கருதி, அதற்கேற்ற அளவுக்கே கொடுக்க வேண்டும். குளிர்விக்கும் விசிறி ஓடும்போது அதிர்வு தலைக்குள் இறங்குகிறதா என்று, அடிப்பலகையில் விழும் உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும் குவியக் கண்ணாடியில் பார்க்கலாம்.

இரண்டு சிறு குறைகள். மஜென்டாவை முழுவதும் கூட்டினாலும் சில தலைகளில் உச்ச கிரேடு கிடைக்காது. அந்த அரிய சமயங்களில் ஐந்தாம் கிரேடு வடிகட்டியை லென்ஸுக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம். மேலும், வடிகட்டி எண்கள் எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் ஒன்றல்ல. கோடாக் அளவையில் எழுதப்பட்ட எண்ணை டர்ஸ்ட் தலையில் வைத்தால் கிரேடு மாறிப்போகும். தாளோடு வரும் அட்டவணையில் உங்கள் தலைக்குரிய பத்தியைப் பார்த்து வைக்க வேண்டும்.

## மூன்றாம் வழி: ஸ்டுடியோவின் கனத்த என்லார்ஜர்

இங்கிலாந்தின் டி வியர் 504 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தலையை ஏற்றுவதற்கும் குவியம் வைப்பதற்குமான கைச்சக்கரங்கள் இரண்டும் மேசை மட்டத்தில் இருக்கும். பெரிய பிரிண்டுக்காகத் தலை உச்சியில் நிற்கும்போது, மற்ற என்லார்ஜர்களில் குவியக் கண்ணாடியில் ஒரு கண்ணை வைத்தபடி மேலே கையை நீட்டித் துழாவ வேண்டியிருக்கும். இதில் உட்கார்ந்த இடத்திலிருந்தே முடிந்துவிடும். பயன்படுத்திப் பார்த்தவர்கள் இதை விட்டு வர மறுப்பதற்குக் காரணம் இதுவே. நாள் முழுதும் பிரிண்ட் போடுபவர்களுக்காகச் செய்யப்பட்டது என்பதால், ஒருமுறை நேர்படுத்தினால் நெடுங்காலம் நிலைத்து நிற்கும்.

டர்ஸ்ட் லேபரேட்டர் 138 இன்னும் ஒரு படி மேலே, 5×7 அங்குல நெகட்டிவ் வரை ஏற்கும். ஆனால் அதன் கண்டன்சர்களை ஒவ்வொரு குவியத் தூரத்துக்கும் தனித்தனியே பொருத்த வேண்டும். 4×5க்கான தொகுதி உடன் இல்லையென்றால் அதைத் தேடிக் காத்திருக்கத்தான் வேண்டும்.

செலவு இங்கே விலையில் இல்லை, எடையில் இருக்கிறது. மூடப்படும் ஸ்டுடியோக்கள் இவற்றை ‘எடுத்துப்போனால் போதும்’ என்று கொடுப்பதும் உண்டு. நான்கு பேர், ஒரு வண்டி, படிக்கட்டின் திருப்பம், தரையின் தாங்குதிறன், கூரை ஆகிய ஐந்தையும் சரிபார்த்த பிறகே சரி சொல்ல வேண்டும். வீடு மாறும் வாய்ப்புள்ளவர்கள் இதன் பக்கம் போகாதிருப்பது நல்லது. சொந்தமான, அசையாத இருட்டறை உள்ளவருக்கும், 16×20க்கு மேல் அடிக்கடி பிரிண்ட் போடுபவருக்கும் இதற்கு ஈடில்லை.

## நான்காம் வழி: குளிரொளித் தலையும் எல்.இ.டி.யும்

கண்டன்சரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் வளைந்து வளைந்து செல்லும் வாயுக் குழாய் விளக்கை வைப்பது குளிரொளித் தலை. அரிஸ்டோ இதில் தெரிந்த பெயர். நெகட்டிவ் சூடாகாது, ஒளி மென்மையாகப் பரவும், தூசி அவ்வளவாகத் தெரியாது. ஆனால் பழைய குழாய்களின் ஒளி மிகவும் நீலம். ஒரே கிரேடு தாளுக்கு அது பொருந்தும். மல்டிகிரேடு தாளுக்கோ பச்சை ஒளியும் வேண்டும். அது இல்லாதபோது மென்மையான கிரேடுகளை எட்ட முடியாது; நிரந்தரமாக ஒரு மஞ்சள் வடிகட்டி வைத்து ஓரளவு சரிக்கட்டலாம். பின்னாளில் வந்த வி54 என்னும் குழாய் மல்டிகிரேடை மனத்தில் வைத்தே செய்யப்பட்டது. எந்தக் குழாய் உள்ளே இருக்கிறது என்று தெரியாமல் வாங்க வேண்டாம். குழாயின் பிரகாசம் அதன் வெப்பநிலையைப் பொறுத்து மாறும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்: காலையில் போட்ட முதல் பிரிண்டும் அரை மணி கழித்துப் போட்டதும் ஒரே வினாடியில் ஒரே அடர்த்தியைத் தரா. குழாயை எரியவிட்டுச் சூடேற்றிய பின் வேலையைத் தொடங்குவதோ, ஒளியை அளந்து நேரத்தைத் தானே திருத்தும் டைமரைச் சேர்ப்பதோதான் வழி.

எல்.இ.டி. இதே யோசனையின் இன்றைய வடிவம். ஆயத்தமாக விற்கும் தலைகளும் உண்டு, கையால் செய்பவர்களும் உண்டு. நீலம் ஏறக்குறைய 450 நானோமீட்டர், பச்சை ஏறக்குறைய 525 நானோமீட்டர் என இரண்டு நிறங்களையும் தனித்தனியே கட்டுப்படுத்தினால் மல்டிகிரேடு தாளின் முழு வீச்சும் வசப்படும். வெள்ளை எல்.இ.டி. தகடு ஒன்றை வைத்து, வழக்கமான வடிகட்டிகளோடு பயன்படுத்துவது எளிது. ஆயினும் கிரேடுகள் பெட்டியில் எழுதியபடி வரும் என்று நம்பாமல் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழி யாருக்கு? விளக்கோ மின்வழங்கியோ போய்விட்ட, மற்றபடி நல்ல என்லார்ஜர் மலிவாகக் கிடைப்பவருக்கு. சாலிடரிங் இரும்பைப் பிடிக்கத் தயங்காதவர் என்றால் என் முதல் பரிந்துரையே இதுவாக இருக்கும். அணைத்த பின்னும் மங்கலாக எரியும் எல்.இ.டி. இயக்கிகள் உண்டு; அறை முழு இருட்டில் இருக்கும்போது தலையை ஒரு நிமிடம் பார்த்து, அப்படி ஏதும் இல்லையென்று உறுதிசெய்த பிறகே தாளை வெளியே எடுங்கள்.

## கேமராவையே என்லார்ஜராக்குவது

4×5 கேமராவின் பின்புறத்தில் நெகட்டிவையும் அதற்குப் பின்னால் ஓர் ஒளிப்பலகையையும் வைத்து, கேமராவைக் கீழ்நோக்கி மாட்டினால் அது என்லார்ஜர்தான். கிராஃப்லெக்ஸின் கிராஃப்லார்ஜர் இந்த யோசனைக்காகவே விற்கப்பட்ட பழைய சாதனம். இன்ட்ரெபிட் நிறுவனம் அதே வழியில் புதியதொன்றைச் செய்திருக்கிறது. குளியலறையைத் தற்காலிக இருட்டறையாக்கி, வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்க வேண்டியவருக்கு இது ஏற்றது. ஒவ்வொரு முறையும் நெகட்டிவ், லென்ஸ், தாள் ஆகிய மூன்று தளங்களையும் இணையாக்கும் வேலை காத்திருக்கும்; நீண்ட எக்ஸ்போஷர்களில் தாங்கியின் ஆட்டமும் தொல்லை தரும். 8×10 வரை தாராளமாகப் போடலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | உடன் இருந்தே ஆக வேண்டியவை | மறைந்த செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|
| கண்டன்சர் தலை | 4×5 கண்டன்சர் தொகுதி, கேரியர், எழுத்தில்லாத பால்நிற பல்பு | கண்ணாடி வைத்த கேரியர், வடிகட்டித் தொகுதி | ஒரே கிரேடு தாள், குறைந்த கான்ட்ராஸ்ட் நெகட்டிவ் |
| வண்ணத் தலை | மின்வழங்கி, 4×5 கலப்புப் பெட்டி | பழுப்பேறிய பெட்டி, ஹாலஜன் விளக்கு | மல்டிகிரேடு தாளில் பிரிண்ட் போடும் பெரும்பாலோர் |
| ஸ்டுடியோ என்லார்ஜர் | லென்ஸ் பலகைகள், கேரியர், மின்வழங்கி | வண்டி, ஆட்கள், இடம் | நிலையான அறை, பெரிய பிரிண்ட் |
| குளிரொளி, எல்.இ.டி. | குழாயின் வகை தெரிந்திருத்தல் அல்லது இரு நிற எல்.இ.டி. | டைமர், சோதனைக்கான தாள் | தலை கெட்ட நல்ல என்லார்ஜர் கிடைத்தவர் |
| கேமராவே என்லார்ஜராக | உறுதியான தாங்கி | ஒவ்வொரு முறையும் செலவாகும் நேரம் | தற்காலிக இருட்டறை |

## பார்க்கப் போகும்போது

கையில் ஒரு டார்ச், ஒரு மட்டக்கருவி, ஒரு 4×5 நெகட்டிவ் இவை மூன்றும் போதும். டார்ச்சை பெல்லோஸுக்குள் (லென்ஸுக்கு மேலுள்ள மடிப்புக் கூடு) எரியவிட்டு அறையை இருட்டாக்கினால் மடிப்பு மூலைகளில் ஊசித்துளைகள் நட்சத்திரம் போலத் தெரியும். இரண்டு மூன்று துளைகளைக் கருப்புத் துணிநாடாவால் அடைத்துவிடலாம்; மடிப்பெங்கும் இருந்தால் பெல்லோஸையே மாற்ற வேண்டும். அதே டார்ச்சை லென்ஸின் பின்னாலிருந்து சாய்த்துக் காட்டினால் உள்ளே பூஞ்சையோ மூட்டமோ இருப்பது வெளிப்படும். ரோடகான், கம்போனான் எஸ், எல் நிக்கோர் ஆகியவற்றின் 150 மி.மீ. லென்ஸ்களில் எது தெளிவாக இருக்கிறதோ அதையே எடுங்கள். அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிட ஒரு மூட்டம் செய்யும் கெடுதல் பெரிது. லென்ஸைப் பலகையில் இறுக்கும் வளையத்தை மறந்துவிட்டு வந்தவர்கள் ஏராளம்.

மிகப் பழைய விளக்குப் பெட்டிகளின் வயரில் கல்நார் உறை இருக்க வாய்ப்புண்டு. நார் நாராகப் பிரிந்த வெண்சாம்பல் உறையைக் கண்டால் கையால் பிய்க்காமல், அதற்குரியவரிடம் விட்டு மாற்றிவிட வேண்டும்.

எடுத்துச் செல்லக் கழற்றும்போது ஓர் எச்சரிக்கை. பல என்லார்ஜர்களில் தலையின் எடையைச் சுருள்வில் தாங்குகிறது. பூட்டாமல் தலையை மட்டும் கழற்றினால், எடை போனதும் வில் அந்தத் தாங்கியை மேலே வீசியெறியும். நண்பர் ஒருவர் இப்படிக் கழற்றியபோது தாங்கி அவருடைய முகத்துக்கு நாலு விரல் தள்ளி மேலே பறந்து தூணின் உச்சியில் போய் மோதியது. முதலில் தலையை உச்சிக்கு ஏற்றுங்கள், பூட்டுங்கள், கயிற்றாலும் கட்டுங்கள். பிறகு ஸ்பேனரை எடுங்கள்.

## வீட்டுக்கு வந்த பின்

முதல் பிரிண்டுக்கு முன் செய்ய வேண்டியது நேர்படுத்தல். நெகட்டிவ், லென்ஸ், தாள் ஆகிய மூன்றின் தளங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். மட்டக்கருவியை அடிப்பலகையில் வைத்து எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, அதே சாய்வு நெகட்டிவ் மேடையிலும் லென்ஸ் பலகையிலும் வருமாறு திருகுகளைத் திருத்துவது எளிய முறை. இன்னும் நுட்பமாக வேண்டுமென்றால் இரண்டு கண்ணாடிகள் போதும். அடிப்பலகையில் ஒரு முகக்கண்ணாடியை வைத்து, நடுவில் பூச்சு சுரண்டி ஒரு துளை செய்த இன்னொரு கண்ணாடியை நெகட்டிவ் மேடையில் கீழ்நோக்கி வைத்து, லென்ஸைக் கழற்றிவிட்டு அந்தத் துளை வழியாகப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும் வட்டங்கள் ஒரே மையத்தில் அமைந்தால் இரண்டு தளங்களும் இணை. வட்டங்கள் ஒரு பக்கமாகச் சங்கிலிபோல் வளைந்து சென்றால் அந்தப் பக்கம் சாய்வு.

அடுத்தது ஒளியின் சமன். கேரியரில் நெகட்டிவ் இல்லாமல், குவியம் வைத்த உயரத்திலேயே, ஒரு முழுத் தாளை நடுத்தரச் சாம்பல் வருமாறு கடினமான கிரேடில் எக்ஸ்போஸ் செய்து கழுவுங்கள். கண்ணுக்குத் தெரியாத குறையெல்லாம் அந்தச் சாம்பலில் தெரியும். மூலைகள் நான்கும் ஒரே அளவு வெளுத்திருந்தால் அது இயல்பு, ஓரங்களுக்குச் சற்றுக் கூடுதல் ஒளி கொடுத்துச் சமாளிக்கலாம். ஒரு மூலை மட்டும் வெளுத்திருந்தால் பல்போ கண்டன்சரோ இடம் மாறியிருக்கிறது.

கேரியரில் கண்ணாடி வைப்பதா வேண்டாமா என்பது தீராத வாதம். 4×5க்குக் கண்ணாடி வேண்டும் என்பதே என் முடிவு. அதற்கு விலையாக நான்கு கண்ணாடிப் பரப்புகளைத் தூசியில்லாமல் வைத்திருக்க வேண்டும். ஃபிலிமின் பளபளப்பான பின்புறம் கண்ணாடியைத் தொடும் இடத்தில் நியூட்டன் வளையங்கள் என்னும் வளைய வடிவக் கோடுகள் வராமலிருக்க மேல் கண்ணாடி லேசாகச் சொரசொரப்பாக்கப்பட்ட வகையாக இருக்க வேண்டும். கண்ணாடி கிடைக்கும்வரை, விளக்கை அரை நிமிடம் எரியவிட்டு நெகட்டிவ் உப்பி முடித்த பிறகு குவியம் வைத்து, சூடு ஆறும் முன் தாளை வைத்துவிடுங்கள்; விளக்கை அணைக்காமலிருக்க லென்ஸின் சிவப்பு வடிகட்டி உதவும்.

லென்ஸை முழுதும் திறந்து குவியம் வைத்து, எஃப் 11க்குக் குறுக்கி எக்ஸ்போஸ் செய்வது 5.6 லென்ஸ்களுக்கு நல்ல தொடக்கம். 8×10இல் பத்து வினாடி எடுத்த நெகட்டிவை அதே அப்பர்ச்சரில் 16×20ஆக்கினால், ஒளி 9க்கு 25 என்ற விகிதத்தில் மெலிவதால் ஏறத்தாழ 28 வினாடி வேண்டும். அந்த நீண்ட நேரத்தில்தான் தூணின் ஆட்டம் படத்தில் பதியும். தூணின் உச்சியிலிருந்து சுவருக்கு ஒரு கம்பியைத் திருகி முடுக்குங்கள். சுவிட்சைத் தொட்ட பின் ஆட்டம் அடங்க ஐந்து வினாடி விட்டு, லென்ஸுக்குக் கீழே பிடித்த கருப்பு அட்டையை விலக்கி எக்ஸ்போஷரைத் தொடங்குங்கள். கம்பியை முடுக்கும்போது தூண் மயிரிழை நகர்ந்திருக்கும் என்பதால், கண்ணாடி இரண்டையும் மறுபடி எடுத்து நேர்படுத்தலை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.